பட்டாளத்தில் இருந்து ஊர் திரும்பியாச்சு... அடுத்து என்ன? செட்டிநாட்டு முன்னாள் ராணுவத்தினர் தெரிஞ்சுக்க வேண்டிய விவரங்கள்

காரைக்குடி:-

ராணுவத்தில் சிப்பாயாக சேர்ந்தவர் ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது வயது 35-ல் இருந்து 40-க்குள்தான் இருக்கும். மற்ற அரசு வேலையில் இருப்பவருக்கு அது பதவி உயர்வு கிடைக்கிற வயசு. பட்டாளத்துக்காரருக்கோ வேலையே முடிந்து போகிற வயசு. பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டு இருப்பார்கள். வீட்டு வேலை பாதியில் நிற்கும். பென்ஷன் உண்டு என்றாலும், கடைசியாக வாங்கிய அடிப்படை சம்பளத்தில் பாதிதான் பென்ஷன். அதில் ஒரு பகுதியை மொத்தமாக முன்கூட்டியே வாங்கி இருந்தால் 15 வருஷத்துக்கு பிடித்தம் வேறு இருக்கும்.

நாடு முழுவதும் ஆண்டுதோறும் சுமார் 60 ஆயிரம் பேர் இப்படி முப்படைகளில் இருந்து ஓய்வு பெற்று வெளியே வருகிறார்கள். வேலு நாச்சியாரும் மருது சகோதரர்களும் வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற சிவகங்கை சீமையிலும் பட்டாளத்துக்கு போனவர்கள் நிறைய பேர். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், காளையார்கோவில், இளையான்குடி, மானாமதுரை என்று எந்தப் பக்கம் போனாலும் "மிலிட்டரிக்காரர் வீடு" என்று அடையாளம் சொல்லும் வீடு ஒன்று இருக்கும்.

இவர்களுக்கு அரசாங்கத்தில் சலுகைகள் இல்லாமல் இல்லை. ஆனால் எதை எங்கே போய் கேட்பது என்று தெரியாமல், கிடைத்த வாட்ச்மேன் வேலைக்கு போய் உட்கார்ந்து விடுகிறவர்கள் அதிகம். அதுபற்றிய விவரம் வருமாறு:-

முதலில் பதிவு

ஊருக்கு வந்ததும் முதலில் போக வேண்டிய இடம் சிவகங்கையில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அங்கேதான் முன்னாள் படைவீரர் அடையாள அட்டை கிடைக்கும். வேலைவாய்ப்புக்கு பதிவு செய்வதும் அங்கேதான். பிள்ளைகள் படிப்பு உதவி, திருமண உதவி என்று எது கேட்டாலும் இந்த அலுவலகத்தின் சிபாரிசு வேண்டும்.

போகும்போது டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை (பி.பி.ஓ.), ஆதார், பாங்கி பாஸ்புக், படிப்பு சான்றிதழ்கள், குடும்ப போட்டோ ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போகணும். எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் வேண்டும். டிஸ்சார்ஜ் புக் மட்டும் பத்திரம். அது தொலைந்தால் மறுபடியும் வாங்க ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிப்போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியது வரும்.

இதில் நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு தனி தொல்லை உண்டு. நமக்கு இனிஷியல்தான், குடும்பப்பெயர் கிடையாது. ராணுவ ஆவணத்தில் மனைவி பெயர் ஒரு மாதிரி இருக்கும், ஆதாரில் வேறு மாதிரி இருக்கும். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில். பிறந்த தேதியும் பொருந்தாது. கணவர் இருக்கும்வரை இது பெரிய விஷயமாக தெரியாது. அவர் போன பிறகு குடும்ப பென்ஷன் கேட்டு மனைவி போய் நிற்கும்போதுதான் பேப்பர் திரும்பி வரும். எனவே உயிரோடு இருக்கும்போதே நல அலுவலகம் மூலமாக ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதி பெயரையும் தேதியையும் சரி செய்து விடுவது நல்லது.

யார் முன்னாள் படைவீரர்?

இன்னொரு குழப்பமும் உண்டு. தரைப்படை, கடற்படை, விமானப்படையில் இருந்து பென்ஷனோடு வந்தவர்கள்தான் பெரும்பாலும் "முன்னாள் படைவீரர்" என்ற கணக்கில் வருவார்கள். சிவகங்கை அருகே இலுப்பைக்குடியில் இந்தோ-திபெத் எல்லைப்படையின் பயிற்சி மையம் இருக்கிறது. அந்தப் படையும், எல்லை பாதுகாப்பு படையும், சி.ஆர்.பி.எப்.பும் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. இவற்றில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு தனி விதிமுறைகள். வேலைவாய்ப்பில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு அவர்களுக்கு பொருந்தாது. தெரியாமல் விண்ணப்பித்து பரீட்சை பீசும் செலவழித்து ஏமாற வேண்டாம்.

ஓய்வுக்கு முன்பே தயாராகணும்

ராணுவ அமைச்சகத்தின் கீழ் மறுவாழ்வு இயக்குனரகம் (டி.ஜி.ஆர்.) என்று ஒன்று இருக்கிறது. ஓய்வு பெறும் முன்பே சிப்பாய்கள், ஜே.சி.ஓ.க்களுக்கு அது தொழிற்பயிற்சி கொடுக்கிறது. சில பயிற்சிகள் 24 வாரம் வரை நடக்கும். சிப்பாய்களுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் கட்டணம் அரசாங்கத்தினுடையது. "எப்படியும் வீட்டுக்குத்தானே போறோம்" என்று இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வெளியே வந்த பிறகு அதே பயிற்சிக்கு சொந்தப் பணம் போகும்.

மத்திய அரசு வேலைக்கு, ஓய்வு பெறும் தேதிக்கு ஒரு வருஷம் முன்பிருந்தே முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். ஊருக்கு வந்து 6 மாதம் ஆனபிறகு தேட ஆரம்பிப்பதைவிட, யூனிட்டில் இருக்கும்போதே ஆரம்பிப்பது புத்திசாலித்தனம். இப்போது ராணுவத்தில் இருக்கும் அண்ணன், தம்பிக்கு இதை போனில் சொல்லி வையுங்கள்.

எந்த வேலையில் எவ்வளவு ஒதுக்கீடு?

மத்திய அரசின் குரூப்-சி வேலைகளில் 10 சதவீதம் முன்னாள் படைவீரர்களுக்கு. மத்திய பொதுத்துறை நிறுவனங்கள், அரசுடமை பாங்கிகளில் குரூப்-சி வேலையில் 14½ சதவீதம், அதற்கும் கீழே உள்ள குரூப்-டி வேலையில் 24½ சதவீதம். இந்த இரண்டிலும் உள்ள 4½ சதவீதம், காயம்பட்டு ஊனமான வீரர்களுக்கும், உயிரிழந்த வீரர்களின் குடும்பத்துக்கும் உரியது. தமிழக போலீசில் 2-ம் நிலை காவலர் தேர்வில் 5 சதவீதம் உண்டு.

வயசு தாண்டிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். மத்திய அரசு குரூப்-சி வேலைக்கு கணக்கு இப்படி:- உங்கள் வயதில் இருந்து ராணுவத்தில் இருந்த வருஷத்தை கழிக்கணும். வருகிற விடை, அந்த வேலைக்கான வயது வரம்பைவிட 3 வருஷத்துக்கு மேல் கூடாமல் இருந்தால் போதும். உதாரணமாக, வயது 40, சர்வீஸ் 17 வருஷம். கழித்தால் 23. வேலைக்கான வயது வரம்பு 27 என்றால், 30 வரை அனுமதி. எனவே தாராளமாக எழுதலாம். அதே சர்வீஸ் உள்ளவர் 47 வயது வரைக்கும் எழுத முடியும்.

படிப்பு? 10-ம் வகுப்பு பாஸ் செய்து 15 வருஷத்துக்கு குறையாமல் ராணுவத்தில் இருந்தவரை, பட்டப்படிப்பு கேட்கும் மத்திய அரசு குரூப்-சி வேலைகளுக்கு பட்டதாரியாகவே கருதலாம் என்று விதி இருக்கிறது. (டெக்னிக்கல் அறிவு கட்டாயம் தேவைப்படும் வேலைகளுக்கு இது ஒத்துவராது.)

இவ்வளவு இருந்தும் ஒதுக்கீட்டு இடங்கள் முழுசாக நிரம்புவதில்லை. காரணம் பரீட்சை. 17 வருஷம் துப்பாக்கி பிடித்தவருக்கு கணக்கும் ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். மதிப்பெண் குறைவாக வாங்கினாலும் பாஸ் ஆகும் அளவுக்காவது வாங்கணும். காரைக்குடியில் பரீட்சைக்கு தயாராகும் பையன்களோடு ஒரு 6 மாதம் கூச்சப்படாமல் உட்கார்ந்து படித்தால் அந்த 6 மாதம், அடுத்த 20 வருஷத்துக்கு சோறு போடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மத்திய அரசில் இந்த ஒதுக்கீடு பொதுவாக ஒரு தடவைதான். ஒரு சிவில் வேலையில் சேர்ந்துவிட்டால் அதோடு ஒதுக்கீட்டு உரிமை முடிந்தது. ஆனால் சேருவதற்கு முன்பே வேறு பரீட்சைகளுக்கும் விண்ணப்பித்து இருந்தால், சேர்ந்த உடனே அந்த விவரத்தை தேதியோடு எழுதி ஆபீசில் கொடுத்துவிடணும். அப்படி கொடுத்தால் அந்த பரீட்சைகளுக்கு ஒதுக்கீடு செல்லும். வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் இருக்கணும்.

டெக்ஸ்கோ

தமிழக அரசு 1986-ம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் "டெக்ஸ்கோ" எனப்படும் தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம். அரசு அலுவலகங்கள், நிறுவனங்களுக்கு காவலர், டிரைவர் போன்ற வேலைகளுக்கு முன்னாள் ராணுவத்தினரை அனுப்புவது இதன் வேலை. இதன் தலைமை அலுவலகம் சென்னையில், இலங்கையில் 1987-ல் உயிரிழந்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் பரமேஸ்வரன் பெயரில் உள்ள கட்டிடத்தில் இருக்கிறது.

டெக்ஸ்கோ வேலை நிரந்தர அரசு வேலை அல்ல. ஆனால் இடையில் காண்டிராக்டர் கிடையாது என்பதால் சம்பளத்தை பாதி வழியில் வெட்டிக்கொள்ள ஆள் இல்லை. இதற்கும் சிவகங்கை நல அலுவலகத்திலேயே விசாரிக்கலாம். "டெக்ஸ்கோவில் ஆள் தெரியும், 50 ஆயிரம் கொடு, சொந்த ஊரிலேயே போஸ்டிங் வாங்கித் தர்றேன்" என்று யாராவது வந்தால் அந்த ஆளை வாசலோடு அனுப்பி விடுங்கள்.

செக்யூரிட்டி வேலைக்கு போகிறீர்களா?

காரைக்குடியில் ஜவுளிக்கடை, நகைக்கடை, ஆஸ்பத்திரி, ஏ.டி.எம்., கல்லூரி என்று எங்கும் செக்யூரிட்டி தேவை. கானாடுகாத்தான் பக்கம் ஓட்டலாக மாறிய பழைய வீடுகளுக்கும், ஆள் இல்லாமல் பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளுக்கும் நம்பிக்கையான ஆள் வேண்டும். அந்த இடத்தில் முன்னாள் ராணுவத்தினருக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் 12 மணி நேரம் நிற்க வைத்து 8 மணி நேர சம்பளம் கொடுப்பதும், லீவு எடுத்தால் 2 நாள் சம்பளத்தை பிடிப்பதும் இந்த தொழிலில் சர்வ சாதாரணம். சேரும் முன் இவற்றை கேளுங்கள்:-

* ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்கிறதா? 2005-ம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் நடத்தக்கூடாது. சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது 3 ஆண்டுக்கு குறையாமல் ராணுவம், போலீசில் இருந்தவருக்கு முன்னுரிமை தரணும் என்றும் அந்த சட்டம் சொல்கிறது. எனவே "கார்டு" வேலைக்கு தலையாட்டும் முன் சூப்பர்வைசர் இடம் இருக்கிறதா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

* நியமன உத்தரவு எழுத்தில் தருவார்களா? சம்பளம் பாங்கியில் போடுவார்களா?

* 20 பேர், அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனத்தில் பி.எப். உண்டு. 10 பேர், அதற்கு மேல் என்றால் இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் பிடித்தால் மட்டும் போதாது, கணக்கில் கட்டுகிறார்களா என்று செல்போனிலேயே பார்க்கலாம். "உங்களுக்குத்தான் மிலிட்டரி பென்ஷன் வருதே, பி.எப். எதுக்கு?" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

* கூடுதல் நேரம் வேலை பார்த்தால் அதற்கு இரட்டை சம்பளம் என்பது சட்டம். டூட்டி நேரத்தை ஒரு சின்ன நோட்டில் தினமும் குறித்து வையுங்கள். புகார் கொடுக்க வேண்டி வந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் அந்த நோட்டு பேசும்.

சொந்த தொழில்

தமிழக அரசு 2024-ம் ஆண்டு சுதந்திர தினத்தன்று "முதல்வரின் காக்கும் கரங்கள்" என்ற திட்டத்தை அறிவித்து, 2025 ஆகஸ்டில் தொடங்கியது. முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க ரூ.1 கோடி வரை பாங்கிக் கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம் என்பது அறிவிப்பு. பணியின்போது உயிரிழந்த வீரர்களின் மனைவியரும் இதில் வருவார்கள். அதாவது ரூ.10 லட்சத்தில் ஒரு தொழில் என்றால் மானியம் ரூ.3 லட்சம். மீதியை நாம்தான் கட்டணும். எனவே மானியத்தை பார்த்து தொழிலை முடிவு செய்யாதீர்கள், தொழிலை பார்த்து கடனை முடிவு செய்யுங்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை நல அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்து கொள்ளலாம்.

ஓய்வு பெறும்போது வரும் மொத்த தொகையை வட்டிக்கு விடுவது, சீட்டு கட்டுவது, "2 வருஷத்தில் இரட்டிப்பு" என்று வருபவரிடம் கொடுப்பது ஆகியவற்றில் இறங்கி கெட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். முதல் ஒரு வருஷம் அந்தப் பணத்தை பாங்கியில் போட்டுவிட்டு, வேலையை பார்த்துக்கொண்டே யோசிப்பது பாதுகாப்பு.

பென்ஷன் இல்லாதவர்களுக்கும் உண்டு

பென்ஷன் இல்லாமல் வெளியே வந்த பழைய வீரர்களும், அவர்களது மனைவியரும் வறுமையில் இருந்தால் கேந்திரிய சைனிக் போர்டு மூலம் உதவித்தொகை உண்டு. ஹவில்தார் மற்றும் அதற்கு கீழ் பதவியில் இருந்து, 65 வயது தாண்டியவர்களுக்கு மாதம் ரூ.4 ஆயிரமாக இருந்த இந்த தொகை, 2025 நவம்பர் 1-ந்தேதி முதல் வரும் விண்ணப்பங்களுக்கு ரூ.8 ஆயிரமாக உயர்த்தப்பட்டது.

அதே போர்டில், ஹவில்தார் பதவி வரை இருந்தவர்களின் 2 பிள்ளைகளுக்கு 1-ம் வகுப்பில் இருந்து பட்டப்படிப்பு வரை கொடுக்கும் கல்வி உதவி மாதம் ரூ.1,000-ல் இருந்து ரூ.2 ஆயிரமாகவும், 2 பெண் பிள்ளைகள் வரையிலான திருமண உதவி ரூ.50 ஆயிரத்தில் இருந்து ரூ.1 லட்சமாகவும் கூடியது. கணவரை இழந்த பெண்ணின் மறுமணத்துக்கும் இந்த உதவி உண்டு.

பிளஸ்-2 முடித்து என்ஜினீயரிங், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைகளுக்கு பிரதமர் கல்வி உதவித்திட்டம் இருக்கிறது. 60 சதவீத மதிப்பெண் வேண்டும். பெண் பிள்ளைக்கு மாதம் ரூ.3 ஆயிரம், பையனுக்கு ரூ.2,500. நாடு முழுக்க வருஷத்துக்கு 5,500 பேருக்கு. கடைசி தேதியை தவறவிட்டால் அந்த வாய்ப்பு போச்சு.

உடம்பும் மனசும்

மருத்துவத்துக்கு 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டம் இருக்கிறது. அதன் பாலிகிளினிக்கில் மருந்து வாங்கலாம். பெரிய சிகிச்சை என்றால் அங்கே எழுதிக்கொடுத்து ஒப்பந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். நெஞ்சுவலி, விபத்து போன்ற அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் சேரலாம். ஆனால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்கு தகவல் கொடுத்துவிடணும். இதை பட்டாளத்துக்காரரைவிட வீட்டில் இருக்கிறவர்கள் தெரிந்து வைத்திருப்பது முக்கியம். ஆஸ்பத்திரியில் ஓடப்போவது அவர்கள்தான்.

உடம்பை கவனிக்கிற அளவுக்கு மனசை யாரும் கவனிப்பதில்லை. காலையில் 5 மணிக்கு விசில், பரேடு, ரோல்கால் என்று இருந்தவருக்கு திடீரென்று செய்ய ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு 2 மாதம் லீவில் வந்தபோது விருந்தாளி மாதிரி கவனித்த வீட்டில், இப்போது தினமும் இருக்கும்போது சண்டை வரும். வீட்டு நிர்வாகத்தை 15 வருஷமாக மனைவி ஒருவராகவே பார்த்து பழகியிருப்பார். இவர் வந்து ஆர்டர் போட்டால் எடுபடாது. தூக்கம் வராமை, எதற்கெடுத்தாலும் கோபம், தனியாக உட்கார்ந்து குடிப்பது, பழைய சம்பவங்கள் கனவில் வருவது எல்லாம் கோழைத்தனம் இல்லை. காய்ச்சல் மாதிரி இதுவும் வைத்தியம் பார்க்கக் கூடிய விஷயம்.

14416 என்ற நம்பர் மத்திய அரசின் இலவச மனநல ஆலோசனை எண். 2022-ல் தொடங்கியது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பெயர்கூட சொல்ல வேண்டியதில்லை. மனைவியோ, மகனோ கூட பேசி ஆலோசனை கேட்கலாம்.

பென்ஷனில் கவனம்

ராணுவ பென்ஷன் இப்போது "ஸ்பர்ஷ்" என்ற ஆன்லைன் முறையில் வருகிறது. ஆண்டுக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்கணும். இ-சேவை, பொதுச்சேவை மையங்களில் கைரேகை வைத்து கொடுக்கலாம். அப்போது பென்ஷன் வழங்கும் இடம் என்ற கட்டத்தில் பழைய பாங்கி பெயரை போட்டுவிட்டால் சான்று ஸ்பர்ஷுக்கு போய்ச் சேராது, பென்ஷன் நின்றுவிடும். "ஸ்பர்ஷ் - பி.சி.டி.ஏ. பென்ஷன், அலகாபாத்" என்று இருக்கிறதா என பார்த்த பிறகு கைரேகை வையுங்கள்.

"ஸ்பர்ஷ் ஆபீசில் இருந்து பேசுறோம், ஓ.டி.பி. சொல்லுங்க, இல்லன்னா பென்ஷன் கட்" என்று இந்தியிலோ தமிழிலோ போன் வந்தால் அது மோசடி. கட் செய்யுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்து சொன்னால் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு.

அடுத்து வருவது அக்னிவீர்கள்

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு சர்வீஸ் 4 வருஷம்தான். அதில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் தொடர்ந்து படையில் வைத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் சுமார் ரூ.11.71 லட்சம் சேவா நிதியோடு வெளியே வரணும். பென்ஷன் கிடையாது. 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்கு போன முதல் பிரிவினரின் 4 வருஷம் முடிவது 2026 கடைசி, 2027 தொடக்கத்தில்.

இவர்களுக்கு வயது 25-ஐ ஒட்டித்தான் இருக்கும். அதுவே அவர்களுக்கு பலம். கையில் வரும் தொகையை பைக்கிலும் வீட்டு விசேஷத்திலும் கரைக்காமல், படிப்பை முடிக்கவோ ஒரு தொழில் கற்கவோ வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியது, அதே ஊரில் உள்ள பழைய மிலிட்டரிக்காரர்கள்தான். ஆபீசர் சொல்வதைவிட அந்த அண்ணன் சொன்னால் பையன்கள் கேட்பார்கள்.

எங்கே முறையிடுவது?

மனு கொடுத்தும் வேலை நடக்கவில்லை என்றால் கலெக்டர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு என்று தனியாக குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். தேதியை நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.

ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 7-ந்தேதி கொடி நாள். 1949-ல் இருந்து நடக்கிறது. அன்றைக்கு உண்டியலில் நாம் போடும் பணம் இந்த குடும்பங்களின் நலனுக்குத்தான் போகிறது. அதோடு உங்கள் தெருவில் தனியாக இருக்கும் வயதான மிலிட்டரிக்காரர் மனைவி யாராவது இருந்தால், "உயிர்வாழ் சான்று கொடுத்தாச்சா பாட்டி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் கூட்டிக்கொண்டு போய் கொடுத்து வாருங்கள். அரை மணி நேர வேலை, அவருக்கு ஒரு வருஷ சாப்பாடு.